பெட்டி வரவில்லையா? டிக்கெட் போடும் நாளிலிருந்து நஷ்டஈடு வாங்கும் நாள் வரை

எனக்கு இதுவரை மூன்று முறை பெட்டி வராமல் போயிருக்கிறது. இரண்டு முறை திரும்பக் கிடைத்தது, ஒரு முறை கிடைக்கவே இல்லை, கடைசியில் பணமாகத்தான் வந்தது. அதற்கப்புறம் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று ஒரு பத்துப் பேருக்காவது புகார் எழுதிக் கொடுத்திருப்பேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருந்தார்கள்: "பெட்டி வரவில்லை" என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் பாதி வீட்டிலும் கவுண்டரிலும் செய்ய வேண்டியது, அதைச் செய்யாமல் இரண்டாம் பாதிக்குப் போனால் கையில் ஆதாரம் இருக்காது. பெட்டி ஏற்கெனவே காணாமல் போய் பெல்ட் பக்கத்தில் நின்றபடி இதைப் படிக்கிறீர்கள் என்றால் நேராக 6-க்குப் போங்கள்.

1. டிக்கெட் போடும்போதே பார்க்க வேண்டியது

பெட்டி அதிகம் தவறுவது விமானம் மாறும் ஊரில்தான். விமான நிலையங்களுக்குக் கணினி வசதி செய்து தரும் சிட்டா நிறுவனத்தின் 2024 கணக்குப்படி, உலக அளவில் ஆயிரம் பயணிகளுக்குச் சுமார் 6 பெட்டிகள் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதில் பத்துக்கு நான்கு, விமானம் மாற்றும்போது தவறியவை. ஆக, நேரடி விமானம் கிடைத்தால் இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுத்தாவது அதில் போவது நல்லது, குறிப்பாகக் கல்யாணம், காரியம் என்று தேதி தள்ளிப்போட முடியாத பயணத்துக்கு.

மாறித்தான் ஆக வேண்டும் என்றால் இடைவெளி குறைந்தது இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் நீங்கள் ஓடிப்போய் ஏறிவிடுவீர்கள், பெட்டி ஓடாது. அதை ஒரு விமானத்திலிருந்து இறக்கி, ஸ்கேன் செய்து, பிரித்து, இன்னொரு விமானத்துக்கு வண்டியில் கொண்டுபோக வேண்டும். முதல் விமானம் அரைமணி தாமதமானாலே அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். விலை குறைவு என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் போடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போட்டால் பெரும்பாலும் நடு ஊரில் பெட்டியை நீங்களே எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். சில நாடுகளில் அதற்கு விசாவே தேவைப்படும். இது தெரியாமல் பெட்டி தானாக வரும் என்று நம்பி ஏறிவிட்டால், அது நடு ஊரில் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், அதற்கு யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது.

2. பெட்டியைத் தயார் செய்வது

முதல் வேலை, பழைய டேக்குகளைக் கிழிப்பது. கைப்பிடியில் தொங்கும் நீளமான டேக் எல்லாருக்கும் தெரியும், அதைக் கழற்றிவிடுவார்கள். பெட்டியின் பக்கவாட்டில், அடியில் ஒட்டியிருக்கும் குட்டிக் குட்டி பார்கோடு ஸ்டிக்கர்களை விட்டுவிடுவார்கள். பெல்ட்டில் பெட்டி ஓடும்போது இயந்திரம் கண்ணில் படும் பார்கோடைத்தான் படிக்கும், போன வருடம் துபாய் போன ஸ்டிக்கர் அதன் கண்ணில் பட்டால் பெட்டி தனியே ஒதுக்கப்பட்டு, ஒரு மனிதர் வந்து கையால் பார்க்கும் வரை அங்கேயே கிடக்கும்.

அடுத்து, உள்ளே ஒரு தாள். திறந்ததும் முதலில் கண்ணில் படும்படி, துணிக்கு மேலே. அதில் பெயர், போன் எண், மின்னஞ்சல், எந்தத் தேதியில் எந்த விமானம், போய்ச் சேரும் ஊரின் முகவரி. வெளி டேக் கிழிந்துவிட்டால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், அப்போது இந்தத் தாள் ஒன்றே உங்களைக் கண்டுபிடிக்கும் வழி. வெளியே பெயரும் போன் எண்ணும் மட்டும் போதும். வளைகுடாவிலிருந்து வரும் அட்டைப்பெட்டிகளில் மார்க்கரால் பெயர், ஊர், தெரு, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் பெரிதாக எழுதுகிற வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. பாஸ்போர்ட் எண்ணைத் தயவுசெய்து எழுதாதீர்கள், பெட்டியைத் தேட அது எந்த விதத்திலும் உதவாது.

அந்தப் போன் எண் எந்த எண் என்பதும் முக்கியம். ஊருக்கு வரும்போது வளைகுடா சிம் பல பேருக்கு வேலை செய்யாது. என் மச்சான் பெட்டியிலும் புகாரிலும் சவுதி எண்ணையே கொடுத்துவிட்டான், ஏர்லைன்ஸ்காரர்கள் நான்கு நாள் அந்த எண்ணுக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பெட்டி இரண்டாம் நாளே சென்னைக்கு வந்து கிடந்தது. ஊரில் எடுக்கக்கூடிய எண் ஒன்றை, முன்னால் நாட்டுக் குறியீட்டு எண்ணோடு எழுதுங்கள்.

கயிறு கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, தூக்க வசதியாக மேலே ஒரு வளையம் விடுவோம். அந்த வளையமும் தொங்கும் முனைகளும் பெல்ட் இடுக்கில் மாட்டும், மாட்டினால் டேக் பிய்ந்துவிடும் அல்லது பெட்டியே கிழியும். கயிறு தேவைதான் என்றால் இறுக்கமாகக் கட்டி முடிச்சுகளை டேப் போட்டு மூடுங்கள். ரிப்பன், துப்பட்டா கட்டி அடையாளம் வைப்பதற்கும் இதே பதில். அடையாளத்துக்கு ஒரு பெரிய ஸ்டிக்கரோ, இரண்டு பக்கமும் நல்ல நிறத்தில் டேப்பால் ஒரு பட்டையோ போதும். கறுப்பு நிற டிராலி வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம், ஒரு விமானத்தில் அதேபோல இருபதாவது இருக்கும்.

கடைசியாக, போட்டோ. மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதை அடுக்கு அடுக்காக மூன்று நான்கு படம், மூடிய பிறகு முன்பக்கம், பின்பக்கம், கம்பெனி பெயர் தெரிகிற மாதிரி. இரண்டு நிமிட வேலை. பெட்டியின் நிறம் என்ன என்று கவுண்டரில் கேட்கும்போது "நீலமா, ஊதாவா" என்று விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் படங்களை மூன்று வாரம் கழித்து நஷ்டஈடு கேட்கும்போதும் இணைக்கலாம்.

ஏர்டேக் மாதிரியான கருவி வைப்பது நல்லதா என்றால், நல்லதுதான். அதிலிருப்பது சின்ன பட்டன் பேட்டரி, செக்-இன் பெட்டியில் வைக்கலாம். பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்று ஏர்லைன்ஸ்காரருக்கு முன்பாகவே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அது தாளுக்கும் டேக்குக்கும் மாற்று ஆகாது.

3. எது செக்-இன் பெட்டியில் போகக்கூடாது

நகை, பணம், லேப்டாப், சான்றிதழ்கள், வீட்டுச் சாவி, தினமும் சாப்பிடும் மாத்திரை. இவை கைப்பையில். விமான நிறுவனங்களின் நிபந்தனைகளில் விலையுயர்ந்த பொருளுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும், அதை எதிர்த்து வாதாடலாம் என்றாலும் ஐந்து பவுன் சங்கிலி பெட்டியில் இருந்தது என்பதை எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரிகள் செக்-இன் பெட்டியில் தடை. இது பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதல்ல. எக்ஸ்ரேயில் பவர் பேங்க் தெரிந்தால் பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களை அறிவிப்பில் கூப்பிடுவார்கள், நீங்கள் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தால் விமானம் பெட்டி இல்லாமல் கிளம்பும். காணாமல் போனதாக நினைத்து எனக்குப் போன் செய்த இரண்டு பேருடைய பெட்டிகள், கிளம்பிய விமான நிலையத்திலேயே இந்தக் காரணத்துக்காக இருந்தன.

குடும்பமாகப் போனால் துணிகளைக் கலந்து வையுங்கள். அப்பா பெட்டியில் அம்மா துணி இரண்டு செட், அம்மா பெட்டியில் பிள்ளைகள் துணி இரண்டு செட். ஒரு பெட்டி வராவிட்டாலும் யாரும் மாற்றுத்துணி இல்லாமல் நிற்க மாட்டார்கள். கைப்பையிலும் ஒரு செட்.

4. செக்-இன் கவுண்டரில் அந்த ஒரு நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதிதான் ஞாபகத்தில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்.

பெட்டி எடைமேடையில் இருக்கும்போது, பெல்ட்டில் நகர்வதற்கு முன், அதில் கட்டிய டேக்கைப் படியுங்கள். மூன்றெழுத்து ஊர்க்குறியீடு பெரிதாக இருக்கும். சென்னைக்கு எம்ஏஏ, திருச்சிக்கு டிஆர்இசட், மதுரைக்கு ஐஎக்ஸ்எம், கோவைக்கு சிஜேபி, கொழும்புக்கு சிஎம்பி. நீங்கள் கடைசியாக இறங்கும் ஊரின் குறியீடு அதில் இருக்கிறதா? நடு ஊரின் குறியீட்டோடு நின்றுவிட்டால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். "பெட்டியை நான் எங்கே எடுக்க வேண்டும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது என்று கூச்சப்பட வேண்டாம்.

பிறகு உங்கள் கையில் தரும் துண்டு. போர்டிங் பாஸ் பின்னாலோ பாஸ்போர்ட் பின்னாலோ ஒட்டித் தருவார்கள். அதிலுள்ள எண்ணும் பெட்டி டேக்கிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். முழு எண் பத்து இலக்கம்: முதல் இலக்கத்துக்கு அடுத்த மூன்று விமான நிறுவனத்தைக் குறிக்கும், கடைசி ஆறுதான் உங்கள் பெட்டியின் எண். அந்தத் துண்டை அங்கேயே போட்டோ எடுங்கள். ஏன் என்றால் நிறையப் பேர் இறங்கியதும் போர்டிங் பாஸை இருக்கையின் முன்பையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள், துண்டும் அதோடு போய்விடும்.

குடும்பமாகச் செல்பவர்களுக்கு ஒன்று. எல்லாப் பெட்டியையும் ஒருவர் பெயரிலேயே போட்டுவிடுவது வழக்கம், வேலை சீக்கிரம் முடியும் என்று. ஆனால் நஷ்டஈட்டு வரம்பு பெட்டிக்கு இவ்வளவு என்று இல்லை, ஆளுக்கு இவ்வளவு. நான்கு பெட்டியும் உங்கள் பெயரில் இருந்து இரண்டு காணாமல் போனால், இரண்டாவது பெட்டி மனைவியுடையது என்று பிறகு வாதாட வேண்டியிருக்கும். அவரவர் பெயரில் டேக் போடச் சொல்லுங்கள், சொன்னால் போட்டுத் தருவார்கள்.

பெட்டியில் நிஜமாகவே விலை அதிகமான பொருள் இருந்தால், கூடுதல் மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கட்டணம் கட்டும் வசதி சர்வதேசப் பயணங்களில் உண்டு, கவுண்டரில்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கியவரை நான் இதுவரை ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நேரத்துக்குப் போங்கள். கவுண்டர் மூடுகிற நேரத்தில் கொடுக்கும் பெட்டி உங்களோடு ஏறாமல் போக வாய்ப்பு அதிகம்.

5. நடு ஊரில்

வெளிநாட்டிலிருந்து மும்பை அல்லது டெல்லி வழியாக மதுரைக்கோ கோவைக்கோ வருகிறீர்கள் என்று வையுங்கள். டேக்கில் ஐஎக்ஸ்எம் என்றே போட்டிருந்தாலும், பெரும்பாலும் இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்தில் பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அமெரிக்காவிலும் முதலில் இறங்கும் ஊரில் பொதுவாக இதே கதை. "டேக்கில் கடைசி ஊர் போட்டிருக்கிறதே" என்று நேராக உள்நாட்டு முனையத்துக்கு ஓடுகிறவர்கள்தான் புதியவர்களில் பாதி. விமானத்திலேயே பணிப்பெண்ணிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சில நேரம் ஏறும் வாசலில் இடம் இல்லை என்று உங்கள் கைப்பையையும் வாங்கி, டேக் போட்டுக் கீழே அனுப்புவார்கள். கொடுப்பதற்கு முன் மாத்திரை, பாஸ்போர்ட், நகை, பவர் பேங்க் நான்கையும் வெளியே எடுங்கள். இதற்காகவே கைப்பைக்குள் மடித்த துணிப்பை ஒன்று வைத்திருப்பேன்.

6. பெல்ட் நின்றுவிட்டது, பெட்டி வரவில்லை

முதலில் வெளியே போகாதீர்கள். வெளியே அழைத்துப்போக வந்தவர்கள் போன் செய்து அவசரப்படுத்துவார்கள், பரவாயில்லை, காத்திருக்கட்டும். ஒருமுறை வாசலைத் தாண்டினால் திரும்ப உள்ளே வருவது பெரும்பாடு, அதைவிட "பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார், பிறகு வந்து புகார் சொல்கிறார்" என்று பேச இடம் கொடுத்ததாகிவிடும். குறை சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு போனால் அது நல்ல நிலையில் வந்தது என்றுதான் சட்டமும் முதலில் எடுத்துக்கொள்ளும்.

ஐந்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். பெரிய பெட்டிகள், தொட்டில், டிவி மாதிரியானவை தனி இடத்தில் வரும். பக்கத்து பெல்ட்டில் விழுந்திருக்கலாம். ஊழியர்கள் சில பெட்டிகளை இறக்கித் தரையில் வரிசையாக வைத்திருப்பார்கள். பெல்ட்டில் உங்களுடையது போலவே ஒரு பெட்டி யாரும் எடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தால், ஒருவர் உங்களுடையதை மாற்றி எடுத்துப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அதை நீங்கள் எடுக்காதீர்கள், ஊழியரிடம் காட்டுங்கள். அந்த டேக்கை வைத்து அவருடைய போன் எண்ணை ஏர்லைன்ஸ்காரர்கள் எடுத்துவிடுவார்கள், இப்படி மாறிப் போனது அன்றே திரும்பி வருவதும் உண்டு.

7. புகார்: பிஐஆர் இல்லாமல் நகராதீர்கள்

பெல்ட் பகுதிக்குள்ளேயே லக்கேஜ் சேவைக் கவுண்டர் இருக்கும். நீங்கள் எந்த விமானத்தில் கடைசியாக வந்தீர்களோ அந்த நிறுவனத்திடம்தான் போக வேண்டும். தப்பு முதல் நிறுவனத்துடையதாக இருந்தாலும் தேடித்தரும் வேலை கடைசியாகக் கொண்டுவந்தவருடையது. அவர்களிடம் சத்தம் போட்டுப் பலனில்லை, உட்கார்ந்திருப்பவர் பல நேரம் ஏர்லைன்ஸ் ஆளே கிடையாது, விமான நிலையச் சேவை நிறுவனத்தின் ஊழியர், அவர் உங்கள் பெட்டியைப் பார்த்ததுகூட இல்லை.

அவர் எழுதித்தர வேண்டியது பிஐஆர் என்று சொல்லப்படும் அறிக்கை. அதற்கு ஒரு குறிப்பு எண் வரும்: ஊரின் மூன்றெழுத்து, நிறுவனத்தின் இரண்டெழுத்து, பிறகு ஐந்து இலக்கம். இந்த எண் வேர்ல்ட்டிரேசர் என்ற உலகளாவிய தேடல் அமைப்பில் ஏறும். அதனால் "பெயரும் போன் எண்ணும் எழுதிக்கொண்டோம், கூப்பிடுகிறோம், போங்கள்" என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு அனுப்பினால் போகாதீர்கள். எண் இல்லை என்றால் தேடல் தொடங்கவில்லை என்று பொருள்.

பெட்டியின் வடிவங்கள் வரைந்த ஓர் அட்டையைக் காட்டி எது உங்களுடையது என்று கேட்பார்கள். போட்டோவைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இங்கேதான் எல்லாரும் "துணிமணி, கொஞ்சம் சாமான்" என்கிறார்கள். உலகத்தில் உள்ள எல்லாப் பெட்டியிலும் துணிமணி இருக்கிறது. டேக் கிழிந்த பெட்டியைத் திறந்து அவர்கள் எழுதும் குறிப்போடு உங்கள் குறிப்பைப் பொருத்திப் பார்ப்பார்கள், ஆகவே வேறு யார் பெட்டியிலும் இருக்க முடியாததைச் சொல்லுங்கள்: மஞ்சள் நிற இட்லித்தட்டு, இட்லிப் பொடி டப்பாக்கள் ஆறு, டைனோசர் படம் போட்ட பிள்ளையின் ஸ்வெட்டர். அத்தை ஒருவருக்கு இப்படித்தான் கிடைத்தது, பெட்டியில் அவர் வைத்திருந்த அரிவாள்மனையை வைத்து.

எழுதி முடித்ததும் நான்கு விஷயத்தைப் படித்துப் பாருங்கள்: பெயரின் எழுத்து, டேக் எண், போன் எண், பெட்டியைக் கொண்டுவந்து தர வேண்டிய முகவரி. இரண்டு நாளில் வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தேதிவாரியாக இரண்டு முகவரியும் கொடுங்கள். டேக் துண்டின் மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.

வெளிநாட்டிலிருந்து இந்தியா வந்தவர்கள் கிளம்புவதற்கு முன் இன்னொரு வேலை செய்ய வேண்டும், இது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. பெட்டி வரவில்லை என்று ஏர்லைன்ஸ்காரர் தரும் சான்றில் சுங்க அதிகாரியின் கையெழுத்து வாங்க வேண்டும், உங்கள் வரியில்லாச் சலுகையில் எவ்வளவு இன்னும் பயன்படுத்தவில்லை என்ற குறிப்போடு. இது இருந்தால், பெட்டி பிறகு தனியாக வரும்போதும் அந்தச் சலுகை உங்களுக்கு உண்டு. இல்லாவிட்டால் கொண்டுவந்த பொருளுக்கு வரி கேட்டால் பேச வாய் இருக்காது. பெட்டி பூட்டியிருந்தால் சாவி, அதிகாரக் கடிதம், பாஸ்போர்ட் நகல் கேட்கலாம், சில நேரம் நேரிலேயே வரச்சொல்வார்கள்.

8. முதல் சில நாட்கள்

காத்திருங்கள், ஆனால் சும்மா இருக்காதீர்கள். பெரும்பாலான பெட்டிகள் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். குறிப்பு எண்ணையும் குடும்பப் பெயரையும் போட்டு இணையத்தில் தினமும் ஒருமுறை பாருங்கள். போனில் பேசினால், பேசிய பிறகு "இன்று இத்தனை மணிக்குப் பேசினேன், இப்படிச் சொன்னீர்கள்" என்று அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். போனில் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, மின்னஞ்சலுக்கு உண்டு.

ஏர்டேக் வைத்திருந்தால் அது காட்டும் இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஐபோனில் அந்த இடத்தை விமான நிறுவனத்துடன் இணைப்பாகப் பகிரும் வசதி 2024 கடைசியில் வந்தது, அந்த இணைப்பு ஏழு நாளில் காலாவதியாகும், பெட்டி வராவிட்டால் புதுப்பிக்க வேண்டும்.

அவசியமானவற்றை வாங்கிக்கொள்ளுங்கள்: உள்ளாடை, இரண்டு செட் துணி, சோப்பு, பிரஷ், குளிர் ஊராக இருந்தால் ஒரு ஜாக்கெட். ஒவ்வொன்றுக்கும் தேதி போட்ட பில். தாமதத்தால் ஆன நியாயமான செலவைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் "நியாயமான" என்ற சொல்லைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், பெட்டி வரவில்லை என்று பட்டுச்சேலை எடுத்தால் தரமாட்டார்கள் (கல்யாணத்துக்கு வந்தவர் என்றால் பத்திரிகையை இணைத்துக் கேட்டுப் பார்க்கலாம்). சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவருக்கு இந்தச் செலவைத் தர மிகவும் தயங்குவார்கள், வீட்டில் துணி இருக்குமே என்பது அவர்கள் வாதம்.

பயணக் காப்பீடு இருந்தால் அதன் விதியை இப்போதே படியுங்கள். குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் என்ற நிபந்தனை இருக்கும், பிஐஆர் கேட்பார்கள்.

9. பெட்டி வந்தது, ஆனால் உடைந்து அல்லது குறைந்து

வாங்கும்போதே, கொண்டுவந்தவர் முன்னாலேயே திறந்து பாருங்கள். ஒப்புகைச் சீட்டில் வெறும் கையெழுத்துப் போடாமல் "உடைந்த நிலையில்", "எடை குறைந்து" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டேக்கில் செக்-இன் எடை இருந்தால், வீட்டிலேயே எடை போட்டுப் படம் எடுங்கள். 23 கிலோ கொடுத்தது 19 கிலோவாக வந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

உடைசல், திருட்டு இரண்டுக்கும் பெட்டி கையில் வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போய்ச்சேர வேண்டும். தாமதத்துக்கு 21 நாள், அதுவும் பெட்டி கிடைத்த நாளிலிருந்து. இந்தக் கெடுக்கள் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் உள்ளவை, இந்தியா அதில் 2009-இல் சேர்ந்தது. தேதி தாண்டினால் வழக்கே நிற்காது. விமான நிலையத்தில் பிஐஆர் எழுதியதே புகார் கொடுத்ததற்குச் சமம் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே விலை அதிகமான தவறு. பிஐஆர் தேடுவதற்கு. பணம் கேட்க, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்குத் தனியாக எழுத வேண்டும்.

10. 21 நாள் ஆயிற்று, பெட்டி இல்லை

வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகிவிட்டால், அல்லது அதற்கு முன்பே தொலைந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்டால், பெட்டி தொலைந்ததாகவே கணக்கு. "இன்னும் தேடுகிறோம்" என்ற பதிலை அதற்குமேல் ஏற்க வேண்டியதில்லை.

வரம்பு எவ்வளவு? சர்வதேசப் பயணத்துக்கு ஆளுக்கு 1,519 எஸ்டிஆர், 2024 டிசம்பர் 28 முதல். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியம் நிர்ணயிக்கும் கணக்கு அலகு, அந்தத் தொகை ஏறக்குறைய 2,000 டாலருக்கு வரும். பழைய தொகையான 1,288-ஐ இன்னும் சில படிவங்களில் போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குள்ளேயே பறந்திருந்தால் 20,000 ரூபாய் வரை. இவை உச்சவரம்பு, அப்படியே எடுத்துத் தரும் தொகை இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் "எனக்கு 2,000 டாலர் வர வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்புகிறவர்களுக்கு மிகக் குறைந்த தொகைதான் பதிலாக வரும்.

பட்டியல் போடுங்கள். பொருள், வாங்கிய மாதம், விலை, ஆதாரம் என்று நான்கு கட்டம். பில் எல்லாவற்றுக்கும் இருக்காது, யாரிடமும் இருக்காது. கார்டு கணக்குப் பட்டியல், ஆன்லைனில் வாங்கிய மின்னஞ்சல், அந்தச் சட்டையை நீங்கள் போட்டிருக்கும் பழைய போட்டோ, பெட்டி கட்டும்போது எடுத்த படம், இவை எல்லாம் செல்லும். பெட்டியின் விலையையும் சேருங்கள், மறந்துவிடுவார்கள். பழைய துணிக்கு விலையைக் கழிப்பார்கள், அதனால் நீங்களே நியாயமாகக் குறைத்துப் போடுங்கள், பட்டியலில் ஒரு பொய் தெரிந்தால் மீதி எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். என் பட்டியலில் 34 வரி இருந்தது, 19-க்கு ஏதோ ஓர் ஆதாரம் இருந்தது, கேட்டதில் பாதிக்குச் சற்று மேலே கிடைத்தது.

கடிதத்தில் முதல் பத்தியிலேயே விமான எண், தேதி, டேக் எண், பிஐஆர் எண், பெட்டி 21 நாளாக வரவில்லை என்பது, கேட்கும் தொகை. கோபம், அவமானம், அம்மா அழுதது எல்லாம் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தால் போதும். இணைப்பாக டிக்கெட், போர்டிங் பாஸ், டேக் துண்டு, பிஐஆர், பட்டியல். இரண்டு நிறுவனங்களில் பறந்திருந்தால் முதல் நிறுவனம், கடைசி நிறுவனம் இரண்டுக்கும் அனுப்புங்கள், இருவரிடமும் கேட்கலாம், ஒருவர் மற்றவரைக் கை காட்டுவது அவர்களுக்குள்ளே தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

11. மறுத்தால், அல்லது பதிலே இல்லை என்றால்

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, அவர்கள் தளத்தில் பெயர் இருக்கும். அதற்கும் பதில் இல்லை என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார். பல நேரம் அதற்குப் பிறகுதான் போன் வரும். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், வக்கீல் இல்லாமலே மனு போடலாம். விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், இந்தக் கெடு நீளாது, "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று அவர்கள் இழுத்தடித்த மாதங்களும் அதில் சேர்த்திதான்.

பணம் தர ஒப்புக்கொண்டால் ஒரு படிவம் வரும், வங்கி விவரம் கேட்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு. அதில் "இதோடு எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். முதலில் சொல்லும் தொகை அநேகமாகப் பேசிப் பார்க்கக்கூடிய தொகைதான், குறைவாகத் தோன்றினால் கையெழுத்துப் போடாமல், எந்தெந்த வரியை ஏன் கழித்தீர்கள் என்று கேட்டுப் பதில் எழுதுங்கள். எனக்கு அந்த ஒரு மின்னஞ்சலுக்கு ஒன்பது நாள் கழித்துத் தொகை கொஞ்சம் ஏறி வந்தது, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.